வாசலுக்கு வந்து வாங்கிப் போனவர்கள்

1898-ஆம் ஆண்டு சென்னையில், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த கலைத்தொழில் பள்ளியில் ஒரு புது உலோகத்தைத் தட்டிப் பார்க்கும் வேலை தொடங்கியது. இன்று அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கும் அதே இடம்தான். அப்போது பள்ளியின் பொறுப்பில் இருந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். செம்பும் பித்தளையும் தட்டிப் பழகிய கைகளில் அவர் அலுமினியத் தகட்டைக் கொடுத்தார். பானை, சட்டி, சொம்பு, கிண்ணம் என்று நம் வீடுகளுக்குப் பழக்கமான உருவங்களிலேயே பாத்திரங்கள் வந்தன. விற்பனையும் நன்றாக நடந்தது. சில ஆண்டுகளில் அந்தப் பிரிவை இந்தியன் அலுமினியம் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

அலுமினியம் எடை குறைவு, தூக்க எளிது. ஆனால் அடுப்படியில் நிற்பவர்களுக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அலுமினியப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வேண்டாம்.

ஈயம் பூசுவது என்றால் என்னவென்றே தெரியாத தலைமுறை வந்துவிட்டதால் அதைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. அதில் புளிக்கரைசலோ மோரோ எலுமிச்சைச் சாறோ கொஞ்ச நேரம் நின்றால் செம்பு கரைந்து இறங்கும். பச்சைக் களிம்பு பிடிக்கும். அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டவருக்கு வயிற்றைப் புரட்டி வாந்தி வரும். இதைத் தடுக்கப் பாத்திரத்தின் உட்புறம் முழுக்க வெள்ளீயத்தை மெல்லிய தோலாகப் பூசிவிடுவார்கள். கரண்டி உரசி உரசி அந்தப் பூச்சு தேயும், மஞ்சள் நிறம் எட்டிப் பார்க்கும். மறுபடி பூச வேண்டும். வெண்கலப் பானைக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் கலவையிலேயே வெள்ளீயம் இருக்கிறது. அதனால்தான் பல வீடுகளில் சோறும் பொங்கலும் வெண்கலப் பானையில் வெந்தன, குழம்பு ஈயம் பூசிய பித்தளையில் கொதித்தது, ரசத்துக்கென்று முழுக்க வெள்ளீயத்திலேயே ஒரு ஈயச்சொம்பு இருந்தது. ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்காரியிடம் பேசப் போனால் திரும்பி வரும்போது சொம்பு இருக்காது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரைதான் அதற்கு உயிர்.

ஈயம் பூசுபவர் தெருவுக்கு வந்தால் அது ஒரு நாள் வேலை. புங்கமரத்தடியில் சின்னதாக ஒரு குழி வெட்டி, அதற்குள் துருத்தியின் வாயை இறக்கி, மேலே மரக்கரியைக் கொட்டுவார். பிற்காலத்தில் துருத்திக்குப் பதில் கையால் சுற்றும் காற்றாடி வந்தது. வீடு வீடாகப் பாத்திரங்கள் வந்து வரிசை கட்டும். எது யாருடையது என்று குழப்பம் வராது, ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கும். முதல் வேலை தேய்ப்பு. சிறியவற்றைக் கையால் தேய்க்கலாம், அண்டாவை அப்படித் தேய்க்க முடியாது. கூட வந்த பையன் அண்டாவுக்குள் மணலைப் போட்டு, சாக்குத் துணியைக் காலடியில் விரித்து ஏறி நிற்பான். சுவரையோ மரத்தையோ பிடித்துக்கொண்டு இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்புவான். பாதத்துக்கு அடியில் அண்டா பளபளக்கத் தொடங்கும். தெருப் பிள்ளைகள் அதைப் பார்க்கத்தான் முதலில் கூடுவார்கள்.

பிறகு நெருப்பு. இடுக்கியால் பிடித்துப் பாத்திரத்தைக் கரி மேல் சுழற்றிச் சூடேற்றி, உள்ளே நவச்சாரப் பொடியைத் தூவுவார். குபுக்கென்று வெண்புகை எழும், மூக்கில் காரம் ஏறும். சூட்டில் உலோகத்தின் மேல் படிந்த மாசை அந்த நவச்சாரம் அரித்து எடுத்துவிடும். அந்தக் கணத்தில் வெள்ளீயக் குச்சியால் ஒரு இழுப்பு, பஞ்சால் ஒரு துடைப்பு. விரலளவு ஈயம் பாத்திரம் முழுவதும் கண்ணாடியாகப் பரவும். அப்படியே தண்ணீரில் முக்குவார், சொய்யென்று ஒரு சத்தம். வேலை முடிந்தது. இதில் ஏமாற்றவும் வழி உண்டு. வெள்ளீயத்தின் விலை அதிகம், காரீயம் மலிவு. இரண்டையும் கலந்து பூசினால் பார்வைக்குத் தெரியாது, உடம்புக்குக் காரீயம் நஞ்சு. விவரம் தெரிந்த பாட்டிகள் குச்சியை வாங்கி வளைத்துக் காதருகே வைப்பார்கள். சுத்தமான வெள்ளீயம் வளையும்போது சன்னமாகக் கிறீச்சிடும். காகிதத்தில் கோடு இழுத்துப் பார்ப்பதும் உண்டு. காரீயம் கறுப்பாகக் கோடு போட்டுவிடும்.

ஒரு பித்தளைத் தவலை இப்படி வருஷத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை புதிதாகி, மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டது. நசுங்கினால் தட்டிக் கொடுக்கக் கன்னார் இருந்தார், ஓட்டை விழுந்தால் பற்றவைக்க ஆள் இருந்தார். எல்லாம் போய் உடைந்தாலும் எடைக்கு எடை விலை உண்டு. இன்று 'பசுமை வாழ்க்கை' என்று சொல்கிறோமே, அதைப் பற்றி யோசிக்கும்போது இந்தத் தவலையை மட்டும் பார்த்தால் போதாது. தவலையைத் தேடி வாசலுக்கு வந்த மனிதரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் எதையும் வீணாக்காமல் இருந்ததற்குச் சிக்கனமும் பொறுமையும் ஒரு பங்குதான் காரணம். மறுபங்கு, எதை எடுத்து வைத்தாலும் அதைக் கேட்டு ஒருவர் தெருவில் வந்ததுதான்.

எத்தனை பேர் வந்தார்கள்! அம்மியும் ஆட்டுக்கல்லும் மழுங்கினால் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கல் கொத்துகிறவர்கள் வந்தார்கள். அவர்களில் பலர் பெண்கள். கொத்தி முடித்த அம்மியில் முதலில் உமியோ தவிடோ அரைத்துக் கல்பொடியை எடுத்துவிட்டுத்தான் மிளகாய் வைப்பார்கள். சைக்கிள் பெடலை மிதித்துச் சாணைக்கல்லைச் சுழற்றியபடி அரிவாள்மனைக்குக் கூர் பிடிப்பவர் வந்தார். மழைக்கு முன்பு குடைக் கம்பி மாற்றுபவர் வந்தார். வில் போன்ற கருவியை டங் டங்கென்று இழுத்து, கட்டிப்போன இலவம்பஞ்சை மறுபடி பூவாக்கித் தலையணை தைத்துக் கொடுப்பவர் வந்தார். இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தள்ளுவண்டிக்காரர் வந்தார். நசுங்கிய தகர டப்பாவையும் ஆணியையும் தேடித் தேடிப் பொறுக்கி வைத்திருந்த சிறுவர்களுக்கு வாழ்க்கையின் முதல் வியாபாரம் அவரிடம்தான்.

கழுநீருக்கும் ஆள் இருந்தது. அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், வாழைப்பழத் தோல் எல்லாம் கொல்லைப்புறப் பானையில் விழும். மாடு வைத்திருக்கும் வீட்டிலிருந்து மாலையில் வாளியோடு வந்து எடுத்துப் போவார்கள். கணக்கு எழுதி வைத்ததில்லை. ஆனால் அந்த மாடு கன்று போட்டதும் கழுநீர் ஊற்றிய வீடுகளுக்குச் சீம்பால் வந்துவிடும். மாட்டுக்குப் போகாத மிச்சம் மிகக் கொஞ்சம்தான். பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். மீந்த சோறு தண்ணீர் ஊற்றிப் பழையதாகும், அதிலும் மிஞ்சினால் உப்பும் சீரகமும் பிசைந்து மொட்டை மாடியில் வடகமாகும். அடுப்புச் சாம்பல் பாத்திரம் தேய்க்க, தேங்காய் நார் அதற்குத் துணை. பூவரசு, ஆல், மந்தாரை இலைகளை ஈர்க்குச்சியால் தைத்த இலையில் சாப்பிட்டுவிட்டு வெளியே போட்டால் அதுவும் மாட்டுக்குத்தான்.

துணியின் கதை இன்னும் நீளமானது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசிபோலவே துணிக்கும் தட்டுப்பாடு வந்தது. 1943-ல் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் அரசு கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. இத்தனை கெஜத்துக்கு மேல் கிடையாது என்ற காலத்தைக் கடந்து வந்த பெண்கள் அதன்பின் வாழ்நாள் முழுக்க ஒரு முழத் துணியைக்கூடத் தூக்கிப்போடவில்லை. நூல் சேலை முதலில் கட்டுவதற்கு, பிறகு வீட்டோடு கட்டுவதற்கு, அதன்பின் உத்திரத்தில் தூளி. கட்டிக் கட்டி மெத்தென்று ஆன சேலையைப் போலப் பிறந்த குழந்தையின் தோலுக்கு ஏற்ற துணி வேறு கிடையாது. தூளிக் காலம் முடிந்தால் பாதி, பிள்ளைக்கு அடியில் விரிக்க. மீதி, அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் கரித்துணி. அப்பாவின் வேட்டி கிழிந்தால் வடாம் பிழிய, அதுவும் நைந்தால் விளக்குத் திரி. நவராத்திரி முடிந்து கொலு பொம்மைகளைப் பரணில் ஏற்றும்போது ஒவ்வொரு பொம்மையும் ஒரு பழைய வேட்டித் துண்டுக்குள் சுருண்டுகொள்ளும். அம்மாவின் பட்டுச்சேலை மகளுக்குப் பாவாடை சட்டையாகும்.

ஆனால் இதற்கும் ஒரு கணக்கு உண்டு, அது கசப்பானது. பல ஊர்களில் பழந்துணி என்பது சாதி வரிசைப்படி கீழே இறங்கியது. துணி வெளுத்த குடும்பங்களுக்கும் வயல்வேலை செய்த குடும்பங்களுக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புதுத்துணிக்குப் பதிலாகப் பழையதே வந்தது. உழைப்புக்குக் கொடுக்க வேண்டிய கூலியின் ஒரு பகுதி, உடுத்திக் கழித்த துணியாக வந்தது. வாங்கிக்கொண்டவர்களுக்கு அதை மறுக்கும் உரிமை இருந்ததில்லை. அந்தக் காலத்தில் எதுவும் வீணாகவில்லை என்று பெருமையோடு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது. அண்டாவுக்குள் நின்று இடுப்பைத் திருப்பிய பையன் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவன் என்பதையும், நவச்சாரப் புகையை நாளெல்லாம் சுவாசித்த நுரையீரலையும், விடியலில் சாம்பலோடு உட்கார்ந்து மலையாகக் கிடந்த பாத்திரத்தைத் தேய்த்த பெண்ணின் கையையும் அப்படித்தான். எவர்சில்வர் வந்தபோது அந்தப் பெண் அதை இரு கைகளாலும் வரவேற்றதில் நியாயம் இருக்கிறது.

1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். இரும்போடு குரோமியத்தைச் சேர்த்தால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உருவாகி உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. கீறினாலும் அந்தப் படலம் தானே மூடிக்கொள்ளும். ஈயம் பூசுபவர் கையால் செய்த வேலையை இந்த உலோகம் தனக்குத் தானே செய்துகொள்கிறது என்று சொல்லலாம். அடுத்த அரை நூற்றாண்டில் அது தமிழ்நாட்டு அடுப்படிக்கு எவர்சில்வராக வந்து சேர்ந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கல்யாணச் சீரில் எவர்சில்வர் இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டில் பேச்சு வரும். 1981-ல் சேலம் உருக்காலை எவர்சில்வர் தகடு உற்பத்தியைத் தொடங்கியது. புளி, மோர், ஊறுகாய் எதற்கும் அசையாத பாத்திரம் வந்தபின் பித்தளைக்கு வீட்டில் மரியாதை குறைந்தது. தாத்தா பெயர் வெட்டிய அண்டாக்கள் எடைக்குப் போய், அந்தப் பணத்தில் டிபன் கேரியரும் தூக்குச்சட்டியும் வந்தன. புதியதிலும் பெயர் வெட்டினார்கள். உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய இடத்தில் இப்போது மின்சார ஊசி கிர்ரென்று எழுதியது. கல்யாணத் தேதி, கொடுத்தவர் பெயர், ஊர் என்று ஒரு குடும்பத்தின் உறவு முழுவதும் பாத்திர அலமாரியில் எழுதியிருந்தது. எடைக்குப் போன பித்தளையோடு ஒரு தலைமுறையின் பெயர்கள் உலைக்குள் போயின. அது ஒரு இழப்புதான்.

இந்த எவர்சில்வர்தான் பழந்துணிக்குப் புது வழி திறந்தது. தலையில் பாத்திரக் கூடை, தோளில் துணி மூட்டையோடு பாத்திரக்காரம்மா தெருவுக்குள் நுழைந்தார். அவர் வரும் நேரம் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பின், ஆண்கள் வீட்டில் இல்லாத நேரம். திண்ணையில் கூடை இறங்கும். வீட்டுக்குள்ளிருந்து மகனுக்குச் சின்னதாகிப்போன பேண்ட், சாயம் போன நைலக்ஸ் சேலை, கணவரின் காலர் தேய்ந்த சட்டை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

"இது என்னம்மா, முழங்கால்ல கிழிஞ்சிருக்கு. இதைச் சேர்த்துக்க முடியாது."

"நல்லாப் பாரும்மா, ஒரு தையல் போட்டா ஆறு மாசம் ஓடும். மூணு பேண்டு, நாலு சேலை கொடுத்திருக்கேன். இந்தச் சம்புடத்தைக் கொடுக்கக் கூடாதா?"

"அதுக்கு இன்னும் ரெண்டு சட்டை போடுங்கம்மா. இல்லைன்னா இந்த டபராவை எடுத்துக்குங்க."

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வதும், நாலடி நடந்து திரும்பி வருவதும் அந்தப் பேரத்தின் ஓர் அங்கம். கடைசியில் சம்புடம் வீட்டுக்குள் போகும். இந்த வியாபாரத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சம்பளப் பணம் கையில் வராத பெண் யாரையும் கேட்காமல் வீட்டுக்கு ஒரு புதுப் பொருள் வாங்கிய இடம் அது. இரு பக்கமும் பெண்கள், நடுவில் ரூபாய் கிடையாது. மூட்டையில் போன துணியில் நல்லது கிழிசல் தைத்துத் துவைத்து இஸ்திரி போட்டு மறுபடி விற்பனைக்குப் போகும். தேறாததைக் கிழித்துக் கொடுத்தால், அச்சகத்திலும் மெக்கானிக் ஷெட்டிலும் எண்ணெய் துடைக்க வாங்கிக்கொள்வார்கள். பனியன் வெட்டும் இடத்தில் விழும் துண்டுகளுக்கும் அப்படியொரு வழி இருக்கிறது. திருப்பூர் வெட்டுத்துண்டுகளை மறுபடி பஞ்சாக்கி நூல் நூற்கும் ஓபன் எண்ட் ஆலைகள் கொங்கு நாட்டில் இன்றும் ஓடுகின்றன. அந்த நூல் போர்வையாகவும் கால்மிதியாகவும் வேறு யாருடைய வீட்டுக்கோ திரும்பி வருகிறது.

பட்டுக்குத் தனி ஆள். பழைய பட்டுச்சேலை வாங்குபவர் சேலையைப் பார்க்க மாட்டார், கரையைத்தான் பார்ப்பார். அசல் சரிகை என்பது வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிப் பட்டு நூல்மேல் சுற்றி, மேலே தங்கமுலாம் கொடுத்தது. காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்கு இந்தச் சரிகை தரமாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 1971-ல் தமிழ்நாடு ஜரிகை ஆலை தொடங்கப்பட்டது. சரிகையை எரித்தால் நூல் சாம்பலாகும், வெள்ளி தங்கும். எனவே பாட்டியின் முகூர்த்தப் புடவை நைந்து கையை வைத்தாலே கிழியும் நிலையில்கூட அதற்கு விலை இருந்தது. வீட்டில் ஒரு நெருக்கடி, பள்ளிக்கூடக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தபோது பீரோவின் அடியிலிருந்து அந்தப் புடவை வெளியே வந்திருக்கிறது. விற்ற அன்று வீட்டுப் பெண்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

செய்தித்தாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் பழைய பேப்பர்காரர் இன்னும் வருகிறார். தராசும் சணலும் கிலோக் கணக்கும் அப்படியேதான் இருக்கின்றன. முன்பெல்லாம் அந்தக் காகிதம் மளிகைக் கடைக்குப் போய்ப் பொட்டலமாக அதே தெருவுக்குத் திரும்பி வந்தது. கடைக்காரர் தலைக்கு மேல் தொங்கும் உருண்டையிலிருந்து நூலை இழுத்து, இரண்டு சுற்றுச் சுற்றிப் பட்டென்று அறுப்பார். அந்த நூலையும் பிரித்துச் சுருட்டி வைக்காத வீடு இல்லை. அச்சு மை உணவில் ஏறும் என்று 2016-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. வடையைச் செய்தித்தாளில் பிழிந்து சாப்பிடும் பழக்கத்தை விடுவது நல்லதுதான். பழைய காகிதத்துக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. தீபாவளிக்கு மறுநாள் வாசல் பெருக்கும்போது வெடித்த பட்டாசுத் துண்டைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே யாரோ ஒரு மாணவர் எழுதிய கணக்கு நோட்டின் வரிகள் சுருண்டு கிடக்கும்.

பாட்டிலுக்கும் திரும்பும் வழி இருந்தது. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை பெற்ற கண்ணாடிக் குண்டு பாட்டில்தான் நம் ஊர் கோலி சோடா. வாயுவின் அழுத்தம் உள்ளிருந்து கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துவிடும். மூடியே வேண்டாம், எனவே தூக்கிப்போட மூடியும் கிடையாது. 1916-ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் போன்ற நிறுவனங்களும் பாட்டிலைத் திரும்ப வாங்கிக் கழுவி நிரப்பித்தான் வளர்ந்தன. கடையிலேயே நின்று குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடு, அல்லது முன்பணம் கட்டிவிட்டு எடுத்துப் போ. சோடா குடிக்கிறவர் சுற்றுச்சூழலை நினைத்தா பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்? கட்டிய காசு திரும்ப வேண்டும் என்றுதான்.

இந்தச் சங்கிலி எங்கே அறுந்தது என்று தேடினால் விரல் ஒரு சின்னஞ்சிறு பொருளைக் காட்டுகிறது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், ஷாம்பூவைச் சிறு சிறு பாக்கெட்டில் அடைத்து விற்ற முன்னோடிகளில் ஒருவர். பணக்கார வீட்டுக் குளியலறையில் மட்டும் இருந்த பொருளைக் கூலி வேலை செய்பவரும் சில்லறைக் காசுக்கு வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1983-ல் அவர் மகன் சி.கே.ரங்கநாதன் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். பெட்டிக்கடைகளில் பாக்கெட் சரங்கள் தொங்கின. அந்த எண்ணத்தில் குறை காண முடியாது, உண்மையிலேயே அது ஏழை வீட்டின் வாசலைத் திறந்தது. ஷாம்பூவுக்குப் பின்னால் ஊறுகாய், காப்பித்தூள், தேங்காயெண்ணெய், மசாலா என்று எல்லாம் பாக்கெட்டுக்குள் போயின.

ஆனால் காலியான பாக்கெட்டைக் கேட்டு யாரும் வரவில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய அந்தத் தாளைப் பிரித்து உருக்குவது கட்டுபடியாகாது. ஒரு கிலோ சேர ஆயிரத்துக்கும் மேல் பொறுக்க வேண்டும், சேர்த்தாலும் எந்தக் காயலான் கடையும் தராசில் வைக்காது. உடைந்த பிளாஸ்டிக் குடத்துக்கு வெங்காயமும் பூண்டும் தருகிற வண்டிக்காரர்கூட இதைத் தொடுவதில்லை. வாசலில் வந்து கேட்க ஆளில்லாத பொருள் தமிழ் வீட்டுக்குள் நுழைந்தது இப்படித்தான். மாடும் தின்னக் கூடாது, ஆனால் தின்கிறது. அடுப்பில் போட்டால் நச்சுப் புகை, மண்ணில் போட்டால் மக்காது. போகிப் பண்டிகைக்கு ஓலைப் பாயும் தேய்ந்த துடைப்பமும் எரிந்த காலம் போய் டயரும் பிளாஸ்டிக்கும் எரியத் தொடங்கின. 2018 ஜனவரி 13 போகி அன்று காலை பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போயின.

அதற்கு அடுத்த ஆண்டு, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. சில மாதங்கள் ஓட்டல் வாசலில் தூக்குச்சட்டிகள் வரிசையில் நின்றன, கறிக்கடைக்கு எவர்சில்வர் டப்பா போனது. பிறகு பிளாஸ்டிக் பைகள் மெல்லத் திரும்பி வந்துவிட்டன. 2021 டிசம்பர் 23-ல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. ஜவுளிக்கடையிலும் கல்யாண வீட்டிலும் கொடுத்த அந்த மஞ்சள் துணிப்பையோடு நகரத்துக்கு வந்தவரைப் பட்டிக்காட்டான் என்று சினிமாவில் கேலி செய்து சிரித்த சமூகம்தான் நாம். அந்தக் கேலியைத் திருப்பிப்போட அரசே இறங்கியது நல்ல தொடக்கம். 2022-ல் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமும் வைத்தார்கள்.

பையைக் கொடுக்க இயந்திரம் வைக்கலாம், காலிப் பொருளை வாங்கிக்கொள்ள மனிதர்தான் வேண்டும். இது நீலகிரியில் தெரிந்தது. காட்டிலும் தேயிலைத் தோட்டத்திலும் வீசப்பட்ட மதுப் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிப்பதாகச் சென்னை உயர்நீதிமன்றத்தில் பேச்சு எழுந்தது. நீதிமன்றத்தின் வலியுறுத்தலால் 2022 மே மாதம் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்துவிடும் முறை வந்தது. விற்றதில் பெரும்பகுதி திரும்பி வந்தது. குடித்தவர் வீசிவிட்டுப் போனாலும் வழியில் கண்டவர் பத்து ரூபாய்க்காக எடுத்து வந்தார். திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாகப் பரவியது.

அப்போது எழுந்த சண்டையும் கவனிக்க வேண்டியது. காலிப் பாட்டிலை எண்ணி வாங்கி, ஸ்டிக்கர் பார்த்து, மூட்டை கட்டி அடுக்குவது யார் வேலை என்று டாஸ்மாக் ஊழியர்கள் கேட்டார்கள். கடையில் இடமில்லை, கூடுதல் ஆளில்லை, உடைந்த கண்ணாடி கையைக் கிழிக்கிறது என்று சொல்லிப் போராடினார்கள். பாத்திரக்காரம்மாவுக்குக் கூடையில் லாபம் இருந்தது, ஈயம் பூசியவருக்குக் கூலி இருந்தது, சோடாக் கடைக்காரருக்கு அடுத்த பாட்டில் விற்க வேண்டியிருந்தது. டாஸ்மாக் கவுண்டரில் நிற்கும் ஊழியருக்கு அந்தப் பாட்டிலை வாங்கி வைக்க என்ன கூலி, எங்கே இடம் என்பதை மாவட்டம் மாவட்டமாகப் பேச வேண்டியிருந்தது.